பழைய கார் உதிரிபாகம் வாங்குவது எப்படி: வடசென்னை வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் காருக்குப் பழைய உதிரிபாகம் தேவைப்பட்டால் பெரும்பாலும் புதுப்பேட்டைக்குத்தான் போகிறோம். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே உள்ள அந்தத் தெருக்களில், கண்டம் செய்த (இனி ஓட்ட முடியாது என்று ஒதுக்கிய) வண்டிகளிலிருந்து கழற்றிய எஞ்சின் முதல் கதவுக் கைப்பிடி வரை கிடைக்கும். மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கத்துக் காயலான் கடைகளிலும் சில நேரம் தேடியது அகப்படும். ஆனால் அங்கே லாரி, வேன் சாமான்களே மிகுதி என்பதால், கார் சாமானுக்கு அவற்றை இரண்டாவது இடமாக வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் தாங்களே வாங்கிவந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, அது பொருந்தவில்லை என்றோ, பொருந்தியும் வேலை செய்யவில்லை என்றோ சொல்லும்போது, தவறு கடையில் நிகழ்ந்திருப்பது அரிது. கடைக்குக் கிளம்பும் முன்பு செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் போயிருப்பார்கள். ஆகவே கீழே உள்ள படிகளில் முதல் ஐந்தும், வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பு முடிக்கவேண்டியவை. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றவேண்டும்.

1. பழுது எது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பழைய சாமானைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை; எடுத்தாலும் ஓரிரு நாள் கெடுதான் தருவார்கள். அதனால் சந்தேகத்தின் பேரில் வாங்கி மாற்றிப் பார்க்கும் பழக்கம் இங்கே செல்லாது.

பேட்டரி விளக்கு எரிகிறது என்பதற்காக நேராக ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) தேடிப் போகிறவர்கள் பலர். முதலில் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் சுமார் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்கவேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் பெல்ட், ஃபியூஸ், கனெக்டர், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயர் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே ஆல்டர்னேட்டர்மீது குற்றம் சொல்லலாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் எர்த் வயரின் முனை அரித்துப்போவது வழக்கமான பழுது. அந்த முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே சார்ஜ் ஏறிவிட்ட வண்டிகள் உண்டு.

2. பழையதாக வாங்கத் தகாதவற்றை ஒதுக்குங்கள்

உயிரைக் காக்கும் பாகங்களையும், தேய்ந்தே தீரவேண்டிய பாகங்களையும் பழையதாக வாங்கக்கூடாது. பிரேக் பேட், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், எரிபொருள் குழாய், ரப்பர் புஷ் எதையும் புதியதாகவே வாங்குங்கள். இவற்றின் மிச்ச ஆயுளைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் இன்னும் கண்டிப்பானவை. ஏர்பேக் வேலை செய்யுமா என்பதை வெடிக்கவைக்காமல் சோதிக்க வழியில்லை. விபத்தில் ஒருமுறை இழுபட்ட சீட் பெல்ட்டின் நாடா நீண்டு பலம் குறைந்திருக்கும். அதை உள்ளிழுக்கும் கருவியும் ஏற்கனவே வெடித்து ஓய்ந்திருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த இரண்டையும் தொடவே வேண்டாம். டயரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பழைய டயர் ஒன்றை எடுத்து அதைப் படித்துப் பார்த்தாலே வாங்கும் எண்ணம் போய்விடும்.

பழையதாக வாங்கத் தகுந்தவை கதவு, பானெட், டிக்கி, பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, இருக்கை, டாஷ்போர்டு பிளாஸ்டிக், பவர் விண்டோ மோட்டார், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஏசி கம்ப்ரசர், இரும்பு வீல், கியர் பாக்ஸ் போன்றவை. உற்பத்தி நின்றுபோன வண்டி வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் பல பழையதாக மட்டுமே கிடைக்கும். செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சருக்கோ, அதன் விளக்கு ஒன்று உடைந்தால் கண்டம் வண்டியைத் தவிர வேறு புகல் இல்லை என்ற நிலை வந்து நெடுநாளாகிவிட்டது.

3. பாகத்தின் எண்ணை எடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயனில்லை. “ஸ்விஃப்ட், 2012 மாடல்” என்று மட்டும் சொல்லி ஒரு சாமானைக் கேட்டால், கடைக்காரர் தம்மிடம் உள்ளதில் நெருங்கியதை எடுத்துக் கொடுப்பார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குள் பெட்ரோல், டீசல், ஏசி உள்ளது, இல்லாதது, ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் பாகம் மாறும்.

பழுதான பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் ஸ்டிக்கரிலோ, உலோகத்தில் அச்சடித்தோ எண் தெரியும். அதில் இரண்டு வகை உண்டு: கார் நிறுவனத்தின் எண் ஒன்று, பாகத்தைத் தயாரித்த டென்சோ, போஷ், லூகாஸ் டிவிஎஸ், சுப்ரோஸ், லூமேக்ஸ் போன்ற நிறுவனத்தின் எண் மற்றொன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், தெளிவாகப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாருதி, ஹூண்டாய் போன்றவற்றின் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதையும், அடுத்த தொகுதி எந்த வண்டிக்கு உரியது என்பதையும் காட்டும். ஹூண்டாய் ஹெட்லைட்டில் 92101 என்று தொடங்கினால் இடப்பக்கம், 92102 என்றால் வலப்பக்கம். இடம் வலம் என்பதை எப்போதும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில்தான் கணக்கிடவேண்டும். வண்டிக்கு எதிரே நின்று பார்த்து “லெஃப்ட் சைடு” என்று கேட்டு, தவறான பக்கத்து விளக்கோடு திரும்பியவர்கள் ஏராளம். கடையில் டிரைவர் பக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான ஆண்டை நம்பக்கூடாது, ஏனெனில் முந்தைய ஆண்டு தயாரான வண்டி அடுத்த ஆண்டில் பதிவாகியிருக்கலாம், இடையில் நிறுவனம் பாகத்தை மாற்றியிருக்கலாம்.

புதியவர்கள் கவனிக்காத இன்னொன்று புகை விதி. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பிஎஸ் 4 விதி 2010 ஏப்ரலில் வந்தது; நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னையில் விற்ற வண்டி பிஎஸ் 4 ஆகவும், அதே மாடல், அதே ஆண்டில் வெளி மாவட்டத்தில் விற்றது பிஎஸ் 3 ஆகவும் இருக்கக்கூடும். புதுப்பேட்டைக்குக் கண்டத்துக்கு வரும் வண்டிகள் எல்லா ஊர்களிலிருந்தும் வருகின்றன. சென்சார், எஞ்சின் கணினி, வயரிங், சைலென்சர் ஆகியவற்றில் ஆண்டு ஒத்துப்போவது போதாது, எண் ஒத்துப்போகவேண்டும்.

வேறு வண்டியின் பாகம் பொருந்தும் என்று சொல்லப்படுவதிலும் எச்சரிக்கை தேவை. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் மாருதி, டாடா, ஃபியட் என மூன்று நிறுவனங்களின் வண்டிகளிலும் இருந்தது உண்மைதான். ஆனால் 75 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போ வேறு, 90 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போ வேறு. மேலே மாட்டும் பிராக்கெட்டும் குழாய்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே எஞ்சின் என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

4. புதியதன் விலையைக் கேட்டுவையுங்கள்

அதே எண்ணைக் கம்பெனி ஸ்பேர் கடையிலும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள வெளிக் கம்பெனி சாமான் கடையிலும் சொல்லி விலை கேளுங்கள். பழையதன் விலை கம்பெனிப் புதியதில் பாதியைத் தாண்டினால் புதியதையே வாங்கவேண்டும் என்பது என் கருத்து. பழையது கைவிட்டால் கழற்றி மாட்டும் கூலியை இரண்டாம் முறை கொடுக்கவேண்டியிருக்கும். ஆல்டர்னேட்டர் போன்ற பாகத்தில் இந்தக் கூலி சிறிது. கியர் பாக்ஸில் பெரிது.

5. எடுத்துச் செல்லவேண்டியவையும் செல்லும் நேரமும்

பழுதான பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். எண் ஒத்துப்போனாலும் கனெக்டரில் எத்தனை பின், போல்ட் மாட்டும் காது எத்தனை, புல்லியில் எத்தனை கோடு என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் நிம்மதி. கதவு, எஞ்சின் போலத் தூக்கிச் செல்ல முடியாதவற்றுக்கு எல்லாக் கோணத்திலும் படமும், டேப் வைத்து எடுத்த அளவும் வேண்டும். இவற்றோடு ஆர்.சி. நகல், மல்டிமீட்டர், டார்ச், சிறு காந்தம், பழைய துணி, அழியாத மை பேனா ஆகியவை போதும்.

காலையில் கடைகள் திறந்த சிறிது நேரத்தில் போவது நல்லது. வெளிச்சத்தில் விரிசலும், தகட்டின் நெளிவை நிரப்பப் பூசிய பட்டியும் தெரியும். மாலையில் குண்டு பல்பின் கீழே தெரியாது. தவறான சாமானாக இருந்தால் அன்றே திரும்பி வரவும் நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குச் செல்லும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கியிருப்பார்கள், அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். தெருக்கள் குறுகலானவை, காரை நிறுத்த இடம் தேடியே களைத்துவிடுவோம். சிறிய பாகம் என்றால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, வழி மாறி எழும்பூரில் இறங்குவதே சுலபம்.

6. கடையில் கேட்கும் முறை

தெருமுனையில் “என்ன சாமான் சார் வேணும்?” என்று கேட்டு அழைத்துப்போக வருபவர்களைத் தவிர்த்து, கடையில் நேரடியாகக் கேளுங்கள். நடுவில் ஒருவர் நின்றால் அவருக்கான தொகையும் விலையில் ஏறும். பிறகு சாமானைத் திருப்ப வேண்டுமானால் அவர் இருக்கமாட்டார்.

புதுப்பேட்டையில் ஒரு கடை ஹெட்லைட் மட்டும் வைத்திருக்கும், அடுத்தது ஏசி மட்டும், அதற்கடுத்தது எஞ்சின் மட்டும். உங்களுக்கு வேண்டிய வகையைக் குவித்து வைத்திருக்கும் கடைகளில் குறைந்தது மூன்றில் கேளுங்கள். முதலில் வண்டி, எரிபொருள், தயாரிப்பு ஆண்டு, பிறகு எண், கடைசியில் கையில் உள்ள பழைய பாகம். இந்த வரிசையில் கேட்டால் கடைக்காரர் தேடுவதற்கும் எளிது, நீங்கள் விவரம் அறிந்தவர் என்பதும் அவருக்குப் புரியும். “அண்ணே”, “பாய்” என்று மரியாதையோடு பேசினால் உள்ளே இருக்கும் நல்ல சாமானை எடுத்துவரச் சொல்லும் கடைக்காரர்கள் இங்கே நிறைய.

கூடவே என்னென்ன வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிராக்கெட், போல்ட், கனெக்டர், அதிலிருந்து ஒரு சாண் நீள வயர் ஆகியவை சாமானோடு வரவேண்டும். வயரைக் கனெக்டருக்கு ஒட்டி வெட்டிய பாகத்தை வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் கனெக்டர் உடைந்திருந்தால் அதைச் சேர்க்க வேறு வழியே இருக்காது.

7. கடையிலேயே சோதியுங்கள்

புதிதாக வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் சாமானைக் கண்டால் நின்று யோசியுங்கள். ஸ்குரூவின் பள்ளத்துக்குள்ளும் பெயிண்ட் இருந்தால், பிரித்துச் சேர்த்ததை மறைக்க அடித்ததாக இருக்கலாம். தூசியும் கரியும் படிந்த, ஸ்குரூவில் ஸ்பேனர் படாத சாமானே எனக்கு எப்போதும் பிடித்தது.

ஆல்டர்னேட்டர்: புல்லியைக் கையால் சுற்றுங்கள்; கரகரவென்ற ஓசையும் பக்கவாட்டு ஆட்டமும் இருக்கக்கூடாது. பிரஷ் கழற்ற முடிந்தால், பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் சில ஓம் மட்டுமே காட்டவேண்டும். முடிவற்ற எதிர்ப்பு காட்டினால் ரோட்டர் சுருள் அறுந்திருக்கிறது. டெஸ்ட் பெஞ்ச் உள்ள எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருந்தால் சிறு தொகை கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதே மிகச் சிறந்த வழி.

செல்ஃப் மோட்டார்: தரையில் வைத்துக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவை மோட்டாரின் உலோக உடலிலும் பாசிட்டிவைத் தடித்த போல்ட்டிலும் கொடுத்து, பாசிட்டிவிலிருந்து சிறு முனைக்கு ஒரு வயரைத் தொடவையுங்கள். பல்சக்கரம் முன்னே துள்ளி வந்து வேகமாகச் சுற்றவேண்டும். துள்ளிவந்தும் சுற்றாவிட்டால் பிரஷ் போயிருக்கலாம். சுற்றியும் முன்னே வராவிட்டால், பல்சக்கரத்தை முன்னே தள்ளும் சாலினாய்டையோ அதன் நெம்புகோலையோ பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். மோட்டார் உதறி எழும்பும் என்பதால் அழுத்திப் பிடிக்காமல் இதைச் செய்யவே கூடாது.

ஏசி கம்ப்ரசர்: இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. முன்பக்கத் தட்டைக் கையால் சுற்றினால் சீராக, சிறு அழுத்தத்தோடு சுற்றவேண்டும். குழாய் வாயில் வெள்ளைத் துணியைத் தொட்டு உள்ளே இருக்கும் எண்ணெயைப் பாருங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கறுத்தோ, வெள்ளித் தூள் கலந்தோ இருந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருக்கிறது, அந்தத் தூள் உங்கள் வண்டியில் ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சர் வரை போய் அடைத்துவிடும். வாய் இரண்டும் மூடியோ டேப்போ போடாமல் பல நாள் திறந்து கிடந்ததையும் தவிர்க்கவேண்டும். அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ஹெட்லைட்: கண்ணாடி மங்கியிருந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம், உள்ளே உள்ள வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் சரிசெய்ய முடியாது. காதுகள் எல்லாம் இருக்கின்றனவா, ஒட்டியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய காது பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆடும், இரவில் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல்பு மாட்டும் இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதிக வாட் பல்பு போட்டு ஓட்டிய வண்டி என்று பொருள்.

கதவு, பானெட்: காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தடித்த பட்டி இருக்கிறது. அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது என்பதால் இந்தச் சோதனை இரும்புத் தகட்டுக்கு மட்டுமே. கதவின் அடிப்பகுதியில் நீர் வடியும் துளைகளைச் சுற்றித் துரு உள்ளிருந்து கிளம்பியிருக்கிறதா என்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். கீல் மாட்டும் இடம் வளைந்திருந்தால் எந்த டிங்கரிங் வேலையும் இடைவெளியைச் சீராக்காது. அதே நிறக் குறியீடு கொண்ட கதவு கிடைத்தாலும் வெயிலில் வெளுத்த அளவு வேறுபடும். பெயிண்ட் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சாமானை அடையாளம் காணுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகளின் கதவையும் வீலையும் வாங்கலாம். மின்சாரம் ஓடும் எதையும் வாங்கக்கூடாது.

கனெக்டரைப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விளக்கின் உள்மூலையில் சேற்றுக் கோடு, இருக்கையின் தண்டவாளத்தில் துரு, கணினிப் பெட்டியின் ஓரத்தில் மண் ஆகியவையும் அதே செய்தியைச் சொல்லும். இத்தகைய சாமான் கடையில் வேலை செய்யும், பொருத்தினாலும் சில வாரம் ஓடும். அரிப்பு மெல்லப் பரவுவதால், கெடு முடிந்த பிறகே பழுது தெரியவரும்.

9. எஞ்சின், கியர் பாக்ஸ், எஞ்சின் கணினி

இந்த மூன்றையும் மெக்கானிக் உடன் வராமல் வாங்காதீர்கள்.

எஞ்சினில் முதலில் பார்க்கவேண்டியது அதன் எண். சுரண்டியோ, தேய்த்து மீண்டும் அச்சடித்தோ இருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கான ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு நிலையங்கள் வண்டியை உடைத்ததற்குச் சான்றிதழ் தருகின்றன; அப்படி வந்த எஞ்சினாக இருந்தால் அதன் நகல் போதும். எஞ்சினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும், புதிய எண் ஆர்.சி.யில் ஏறவேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும். உங்கள் வண்டி எந்த அலுவலகத்துக்கு உட்பட்டதோ அங்கே என்னென்ன தாள் கேட்பார்கள் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். தண்டையார்பேட்டை என்றால் டிஎன் 03, செங்குன்றம் என்றால் டிஎன் 18.

எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். வெண்ணெய் போன்ற வெள்ளைப் படலம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றவேண்டும். எங்கும் இடித்து நிற்கக்கூடாது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும். பல வண்டிகளில் அதைக் கணினியில் பதியவேண்டும் என்பதால் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் பாக்ஸில் எல்லாக் கியரும் விழுகிறதா என்று பார்த்தபின், ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் காந்தத்தில் சாம்பல் நிற மாவு இருப்பது இயல்பு. துண்டு துண்டாக உலோகம் இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

எஞ்சின் கணினியைத் தனியாக வாங்குவது வீண். சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டியில் கணினி தன் சாவியை மட்டுமே அறியும். மாருதியில் இதை ஐகேட்ஸ் என்பார்கள். ஒரே வண்டியின் கணினி, இம்மொபிலைசர், சாவி ஆகியவற்றைச் செட்டாக வாங்கவேண்டும். செட் கிடைக்காவிட்டால், புதிதாகப் பதிந்து தரக்கூடிய ஆளை முன்பே பேசிவைத்திருக்கவேண்டும். வாங்கி மாட்டிவிட்டு வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தேடுவோர் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

10. பேரமும் பில்லும்

சோதித்து முடித்த பிறகே விலை பேசுங்கள். முதலிலேயே விலையை முடித்துவிட்டுச் சோதிக்கத் தொடங்கினால், குறை தெரியும்போது கடைக்காரருக்கும் கோபம் வரும், உங்களுக்கும் பின்வாங்கக் கூச்சம் வரும். குறையைக் காட்டி விலை கேட்பது நியாயமான பேரம். மூன்று கடை விலையும் புதியதன் விலையும் உங்களிடம் இருக்கும்போது சத்தம்போட வேண்டியதே இல்லை.

பழைய பாகத்தைக் கொடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். கொடுக்கலாம், ஆனால் புதிதாக வாங்கியது பொருந்தி ஓடிய பிறகுதான். அதற்குமுன் கொடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பில்லில் தேதி, பாகத்தின் பெயர், எண், உங்கள் வண்டியின் பதிவெண், திருப்பும் கெடு ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும். பொருந்தாவிட்டால் பணமா, மாற்றுச் சாமானா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன கேரண்டிக்குச் சாட்சி இல்லை. மின்சாரச் சாமானுக்குச் சில கடைகள் எந்தக் கெடுவும் தருவதில்லை. பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடவேண்டும். சாமானில் ஒரு மறைவான இடத்தில் மை பேனாவால் அடையாளம் இட்டு, கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் தம் அடையாளத்தை இடுவார். திருப்பும்போது “இது என் சாமான் இல்லை” என்ற பேச்சுக்கு இது இருபுறமும் இடமில்லாமல் செய்துவிடும்.

11. பொருத்துதல்

கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதால் அன்றோ மறுநாளோ பொருத்திவிடவேண்டும். மெக்கானிக்குக்கு நேரம் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வாங்கப் போவது முறை. சாமானை வாங்கி வாரக்கணக்கில் டிக்கியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் கெடுவைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய பாகத்தோடு வந்த கேஸ்கெட், ஓ ரிங், ஆயில் சீல், பெல்ட் எதையும் மறுபடி பயன்படுத்தவேண்டாம். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்கின் பின் ஆயில் சீலையும் புதியதாக மாற்றிவிடுங்கள். பின்னால் அது ஒழுகினால் மீண்டும் முழுக் கூலி.

ஏசி கம்ப்ரசர் மாட்டும்போது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதியதாக மாற்றி, குழாய்களைக் கழுவி, கம்ப்ரசருக்கு உரிய எண்ணெயை உரிய அளவில் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் போட்டபின் கேஸ் ஏற்றவேண்டும். அவசரத்தில் வேக்யூமைச் சுருக்கினால் உள்ளே தங்கும் ஈரமே அடுத்த கம்ப்ரசரையும் கெடுத்துவிடும்.

12. கெடு முடிவதற்குள் ஓட்டிப் பாருங்கள்

ஆல்டர்னேட்டர் என்றால் ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி வோல்ட் அளந்து பாருங்கள். சுமை ஏறியபோதும் 13.5க்குக் கீழே சரியக்கூடாது. ஏசி என்றால் நெருக்கடி நேரத்தில் மூலக்கடை சந்திப்பில் நிற்கும்போதும் குளிர் குறையாமல் வருகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது மட்டும் குளிர்ந்தால் முதலில் ஃபேனையும் கண்டென்சரையும் பார்க்கவேண்டும். கியர் பாக்ஸ் என்றால் மேம்பால ஏற்றத்தில் ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். கியர் தானாக வெளியே துள்ளுவது அப்போதுதான் தெரியும். ஹெட்லைட் என்றால் இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி இரு விளக்கின் உயரத்தையும் சமப்படுத்துங்கள்.

குறை தெரிந்தால் அங்கேயே காணொளி எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, பிரித்துப் பார்க்காமல் அப்படியே கழற்றி எடுத்துப்போங்கள். திருகு பிரித்த சாமானை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. எல்லாம் சரியாக ஓடினால், பழைய பாகத்தைக் கொடுத்துப் பேசியபடி தொகையைக் கழித்துக்கொள்ளலாம். பில்லை ஆர்.சி. நகலோடு சேர்த்து வண்டி உங்களிடம் இருக்கும்வரை வைத்திருங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.